மூன்று ஊதலுக்குள் ஒரு பிள்ளை

"மூணுக்கு மேல ஒரு ஊதல்கூடக் கிடையாது சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கோவிந்தப்பன் டீயை உறிஞ்சினார்.

பிரகாசம் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதில் பதினோரு செய்திகள் இருந்தன.

"இன்னும் கொஞ்சம் மனசு வையுங்க. அஞ்சு?"

"அந்த ஹாரன் உருண்டை போன மாசம்தான் பெங்களூர்லேருந்து வந்துச்சு. கிழிஞ்சா முதலாளி என்னைக் கிழிச்சிடுவாரு. மூணு. இஷ்டம் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா டீக்காவது நீங்க காசு குடுங்க."

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், ஐம்பத்து நாலாம் வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் பேரம் நடந்தது. பிரகாசம் உத்தனப்பள்ளி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி அருள்செல்வியை இரண்டாவது பிரசவத்துக்காக அன்று காலைதான் மாமியார் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான். பத்து நாளுக்குள் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவனுக்கு அந்த வருஷத்தில் மிச்சமிருந்த லீவோ மூன்றே நாள். முன்னாலேயே எடுத்துத் தொலைத்துவிட்டால் பிள்ளை பிறக்கும்போது இருக்க முடியாது. அதனால் செய்தி வந்த அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

செய்தி எப்படி வரும் என்பதுதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தபால் கார்டு நாலு நாள் கழித்து வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது குழந்தையும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் மண்கூடக் காய்ந்திருந்தது. அருள்செல்வி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவனை இன்றுவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கூடவே இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

தந்தி கொடுக்கலாமே என்றால், உத்தனப்பள்ளியில் தந்திக்காரன் சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் ஊர்ப் பெண்கள் மாரடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சேதி என்ன என்று படிப்பது அதற்குப் பிறகுதான்.

மிஞ்சியது கோவிந்தப்பனின் பஸ். கிருஷ்ணகிரியில் காலை ஆறரைக்குக் கிளம்பி, ராயக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு ஓசூர் போகும். ஒன்பது மணிவாக்கில் பள்ளிக்கூடத்தைக் கடக்கும். ஆனால் நிற்காது. அந்த இடம் மேடு. அங்கே நின்றால் மறுபடி கிளம்ப, பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். திரும்பும்போதும் சூளகிரி வழியாகப் போய்விடும். ஆகவே ஹாரன்தான் வழி.

"நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணுன்னு ஊதினா நிறைய சேதி சொல்லலாமே?"

"சார், இது ரப்பர் உருண்டை. அமுக்கினா 'பாம்'னு கத்தும். நீளம் குட்டையெல்லாம் நாதஸ்வரக்காரன்கிட்ட கேளுங்க."

பிரகாசம் பென்சிலை எடுத்தான். மூன்று நாற்காலியில் பதினோரு பேரை உட்கார வைக்க முடியாது என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இருந்தாலும் தன் அவசரத்துக்குக் கணக்கு கொஞ்சம் வளைந்து கொடுக்காதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிப் பார்த்தான். அது வளையவில்லை. 'தாயும் சேயும் நலம்', 'எடை எவ்வளவு', 'முகம் யார் ஜாடை' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்தான். கடைசியில் நாலு மிஞ்சியது. நாலும் மூன்றில் அடங்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"கோவிந்தப்பண்ணே, தினமும் வரப்போற சேதி எது?"

"இன்னும் ஒண்ணும் ஆகலைங்கறதுதான்."

"அப்ப அதுக்கு எதுக்கு ஊதணும்? ஒண்ணும் இல்லேன்னா ஊதவே வேண்டாம்! சும்மா போயிடுங்க!"

கோவிந்தப்பன் முகம் மலர்ந்தது. "இது நல்ல ஏற்பாடு சார். இதை நான் ஒழுங்கா செய்வேன்."

மீதியை எழுதினான். வலி கண்டால் ஒரு ஊதல். பெண் என்றால் இரண்டு. ஆண் என்றால் மூன்று. தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டிரைவரிடம் சேதி சொல்ல வேண்டியவர் மாமியார் ஜோதியம்மாள். அவனோடு அங்கே வந்திருந்து, தாளை எட்டிப் பார்த்த அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பையனுக்கு எதுக்கு மாப்பிள்ளை மூணு? சீக்கிரமா சொல்ல வேணாமா?"

"அடிக்கடி வர்றதுக்குச் சின்னதா வைக்கணும், அபூர்வமா வர்றதுக்குப் பெரிசா வைக்கணும் அத்தை. அப்பத்தான் மொத்தத்துல ஊதல் மிச்சமாகும். உங்களுக்கு அஞ்சும் பொண்ணு. உங்க அம்மாவுக்கு நாலும் பொண்ணு. அதனால..."

"இன்னொரு வாட்டி என் வயித்தை வெச்சுக் கணக்குப் போட்டீங்கன்னா, நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே வர மாட்டேன்" என்றார் ஜோதியம்மாள்.

திங்கட்கிழமை. எட்டாம் வகுப்புக்கு நீளமான ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்துவிட்டு, பிரகாசம் வெளியே வந்தான். காற்று எதிர்ப்பக்கம் வீசியது. சத்தம் நன்றாகக் காதில் விழட்டும் என்று சாலையிலேயே இறங்கி நின்றான். ஊதாமல் போனால் நல்லது, நிம்மதியாக வகுப்புக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டான். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது.

"பாம்!"

பிரகாசத்துக்குக் கை கால் ஓடவில்லை. வலி கண்டுவிட்டது! முதல் நாளே! பஸ் அவனை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. அவன் தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினான்.

ஹெட்மாஸ்டர் நாராயணப்பன் விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். "வலிக்கு லீவு இல்லையே பிரகாசம். பிள்ளைக்குத்தானே லீவு கேட்டு எழுதியிருக்கீங்க? இந்த வாரம் இன்ஸ்பெக்டர் வேற எப்ப வேணா வருவார். என் சம்சாரத்துக்கு மூணு நாள் வலி. இப்பப் போய் உக்காந்தீங்கன்னா, பிள்ளை பொறக்கறப்ப திரும்பி வந்துட்டிருப்பீங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று முழுக்க அவன் போர்டில் போட்ட கணக்குகள் ஒன்றும் சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தனியாக நிற்கப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடப் பியூன் முனிராஜையும், எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் பூவம்மாளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். மூன்று பேரும் சாலையில் நின்றார்கள். பஸ் வந்தது. ஊதியது. போனது.

"மூணு!" என்று கத்தினான் பிரகாசம். "பையன்!"

"இல்ல வாத்தியாரே. ஒந்து, எரடு. ரெண்டுதான்" என்றான் முனிராஜ். அவன் எதையும் கன்னடத்தில்தான் எண்ணுவான்.

"காதுல என்ன அரப்பா அடைச்சிருக்கு? ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு! நாலு!" என்றாள் பூவம்மாள். அவள் எண்ணுவது தெலுங்கில்.

மூன்று பாஷையில் மூன்று விடை வந்தது. அதற்குள் இட்லிக் கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிட்டார்கள். பிரகாசத்துக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. மூன்று என்றே வைத்துக்கொண்டாலும், அது பையனா? அல்லது வலி ஒன்று, பெண் இரண்டு, ஆக மூன்றா? எங்கே ஒரு சேதி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அவன் அடையாளமே வைக்கவில்லை. ஊதலை மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் அதைத் துடைத்துப் போட்டுவிட்டான்.

"முதல்ல எண்ணிக்கை சரியா இருக்கணும்" என்றார் நாராயணப்பன். "மூணு சாட்சி மூணு விதமா சொன்னா அது சாட்சியமே இல்லை. ஆளைக் கூட்டுங்க."

புதன்கிழமை பத்துப் பேர். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு கொட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இட்லி தின்றுகொண்டு எண்ணக் கூடாது. சத்தம் தெளிவாக வர, எல்லோரையும் மரத்தடியிலிருந்து வெளியே சாலைக்கு வரச் சொன்னான் பிரகாசம்.

பஸ் போன பிறகு இடது கைகளைத் திறந்து பார்த்தார்கள். பத்துக் கையிலும் ஆறு கொட்டை.

எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியலில் ஆறு இல்லை!

"மூணுக்கு மேல ஊதவே மாட்டேன்னாரே அந்த மனுஷன்" என்றான் பிரகாசம் பரிதாபமாக.

"அவரே ஆறு ஊதியிருக்கார்னா, விஷயம் பெரிசுன்னு அர்த்தம்" என்றார் நாராயணப்பன். அவருக்கு இப்போது இன்ஸ்பெக்டர் ஞாபகமே இல்லை. "போர்டுல போடுங்க. ஆறை எத்தனை விதமாப் பிரிக்கலாம்?"

பிரகாசம் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றை வரிசை மாற்றி மாற்றிக் கூட்டினால் ஆறு வருவதற்கு இருபத்து நான்கு வழிகள் இருந்தன. போர்டு நிரம்பிவிட்டது. ஊர் ஜனங்கள் ஜன்னலில் தொங்கினார்கள். நாராயணப்பன் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"மூணு, மூணு. ரெட்டைப் பையன். நடக்கக்கூடியது. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. மூணு பொண்ணு. இவங்க மாமியார் வம்சத்துல இதுவும் நடக்கக்கூடியது. ரெண்டு, மூணு, ஒண்ணு. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு, அப்புறம் மறுபடி வலி. அப்படின்னா இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு!"

"ஐயோ சாமி" என்றாள் பூவம்மாள் ஜன்னலுக்கு வெளியே.

"கடைசி வரி என்ன? ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு." நாராயணப்பன் பிரம்பை இறக்கினார். "வெறும் வலி."

பிரகாசத்துக்கு அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பதினோரு செய்தியை மூன்றுக்குள் சுருக்கிய கெட்டிக்காரத்தனம் இப்போது அவன் முகத்திலேயே அறைந்தது. துணிகளைச் சின்ன மூட்டையாகக் கட்டுவது பெரிய காரியமில்லை. அவிழ்க்கிறவனுக்கு வேட்டி எது, சேலை எது என்று தெரிய வேண்டும். அருள்செல்வி அங்கே துடித்துக்கொண்டிருக்கிறாளா, மூன்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாளா? இருபத்து நான்கு வரியில் எந்த வரியில் இருக்கிறாள் அவள்?

"லீவு குடுங்க சார், நான் போறேன்."

"எந்த வரின்னு எழுதி லீவு குடுப்பேன்? நாளைக்கு ஒரு நாள் பாருங்க. நாளைக்கு ஊதறதையும் இதோட சேர்த்தா விடை ஒண்ணாக் குறைஞ்சிடும். நானே வர்றேன்."

வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் வந்தார். ஹெட்மாஸ்டர் வந்ததால் மற்ற வாத்தியார்கள் வந்தார்கள். இரட்டையா, மூன்றா என்று இரவெல்லாம் வாதாடியிருந்த ஊரும் வந்தது. அவரைக்காய் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரர்கள் வந்தார்கள். பேரிகைச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள்கூட மாட்டோடு நின்றுவிட்டார்கள். ஏறக்குறைய எண்பது பேர், கை நிறையப் புளியங்கொட்டை.

மேட்டுக்குக் கீழே பஸ் தெரிந்ததுமே சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"பாம்! பாம்! பாம்! பாம் பாம் பாம் பாம் பாம்..."

நிற்கவே இல்லை. புளியங்கொட்டை தீர்ந்துபோனவர்கள் பக்கத்து ஆளிடம் கடன் வாங்கினார்கள். மாடுகள் மிரண்டு ஓடின. கோவிந்தப்பன் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையை வீசி வீசி என்னவோ சொல்லிக்கொண்டே போனார். எஞ்சின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகும் ஹாரன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் கையைத் திறந்து எண்ணவில்லை.

"எனக்கு நாற்பத்து மூணோட கொட்டை தீர்ந்துபோச்சு" என்றார் நாராயணப்பன் மெதுவாக.

"டிரைவர் கையை ஆட்டினாரே, பார்த்தீங்களா?" என்றான் முனிராஜ். "உடனே கெளம்பி வரச் சொல்றாரு வாத்தியாரே."

பிரகாசம் அழுதுவிட்டான். எண்பது பேர் முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு, சாலையிலேயே உட்கார்ந்து அழுதான். போன தடவை தபால் கார்டு. இந்தத் தடவை இது.

விதிப் புத்தகக்காரரான நாராயணப்பன் அங்கேயே முனிராஜின் முதுகில் தாளை வைத்து லீவு உத்தரவை எழுதினார். "காரணம்னு ஒண்ணும் போடலை. நீங்க முதல்ல போங்கய்யா." பூவம்மாள் இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "மூணு இருந்தா ஒண்ணை நான் வளர்க்கறேன் வாத்தியாரே, கவலைப்படாதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காய்கறி லாரியில் ஏறி ராயக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். சாயங்காலம் கிருஷ்ணகிரியில் இறங்கி ஓட்டமும் நடையுமாக மாமியார் வீட்டுக்குள் நுழைந்தபோது, அருள்செல்வி முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வயிறு ஞாயிற்றுக்கிழமை இருந்த மாதிரியே இருந்தது.

"என்னங்க, சட்டையெல்லாம் இவ்வளவு அழுக்கு? இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

பிரகாசம் அவளைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். தொட்டில் எதுவும் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வலி... திங்கக்கிழமை வந்துச்சே, அந்த வலி..."

"யாருக்கு?"

"அப்ப அந்த ஆறு?"

"எந்த ஆறு?"

ஜோதியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தார். "மாப்பிள்ளை, நான் தினம் விடியக்காலை போய் 'ஒண்ணும் இல்லை'ன்னுதானே அந்த டிரைவர்கிட்ட சொல்லிட்டு வர்றேன். கர்த்தர் மேல ஆணை. ஒரு நாள்கூடத் தப்பலை."

பிரகாசத்துக்குத் தலை சுற்றியது. ஒன்றும் இல்லை என்றால் ஒரு ஊதலும் இருக்கக் கூடாது. ஆனால் ஊரே கேட்டதே! புளியங்கொட்டை இருக்கிறதே! நாற்பத்து மூன்றை எத்தனை விதமாகப் பிரித்தாலும் அதில் 'ஒன்றும் இல்லை' வராதே! விடிந்ததும் முதல் வேலையாகப் போய் அந்தக் கோவிந்தப்பனின் சட்டையைப் பிடித்துக் கேட்பது என்று முடிவு செய்தான்.

ஆனால் விடியும்போது அருள்செல்விக்கு வலி கண்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டு, டிரைவர், புளியங்கொட்டை எல்லாம் மறந்துபோயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நடந்த நடைக்கு உத்தனப்பள்ளிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். பதினோரு மணிக்கு நர்சம்மா கதவைத் திறந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்" என்றாள். இந்த நாலு வார்த்தைச் சேதியில் அவன் பட்டியலிலிருந்து அடித்துப்போட்டவையும் சேர்ந்து வந்துவிட்டன.

குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். அது கத்தியது. அருள்செல்வி படுத்தபடியே, "சொன்ன மாதிரி வந்துட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அதில் கரைந்துபோனது போல அவனுக்கு இருந்தது.

ராத்திரி தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். வியாழக்கிழமை அப்படி ஊதியிருக்காவிட்டால் அவன் கிளம்பியே இருக்க மாட்டான். இன்றைக்கு இங்கே இருந்திருக்கவும் மாட்டான். மாமியார் ஒன்றும் இல்லை என்கிறார். ஆனால் நாளைக்கு வலி வரும் என்று அந்த டிரைவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சட்டையைப் பிடிக்க வேண்டிய மனிதரின் காலைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு படி கற்கண்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கோவிந்தப்பன் ஸீட்டில் உட்கார்ந்து, கிழிந்த ஹாரன் உருண்டைக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, பொண்ணு பொறந்திருக்கு. தாயும் சேயும் நலம்." பிரகாசம் கற்கண்டை அவர் பக்கத்தில் வைத்தான். "உங்களைத் தெய்வமாத்தான் நினைக்கறேன். ஒரு சேதியும் இல்லாதப்பவே நாலு நாளா விடாம ஊதி, சரியான நேரத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்துட்டீங்களே! எப்படிண்ணே உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது?"

கோவிந்தப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சேதிக்குன்னு இன்னி வரைக்கும் நான் ஒரு தடவைகூட ஊதலை சார், நீங்க தினமும் ஊரையே கூட்டிக்கிட்டு வந்து நடுரோட்டுல நிக்கறீங்களே, வழி விடுங்கன்னு ஊதினேன்!"